சாதாரணர் பூவலிங்கம்

பூவலிங்கத்தின் கோப்பைப் படித்து முடித்ததும் சுகிர்தா சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

“ஐடிஐ படிப்பு. பிளாஸ்டிக் உருக்குற மெஷின்ல முப்பது வருஷம். ஒரு பதவி உயர்வு கிடையாது, ஒரு பரிசு கிடையாது, ஒரு மெமோகூடக் கிடையாது. சார், இவரைவிடச் சாதாரணமான ஆளைச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது” என்றாள்.

மன்றத் தலைவர் கோதண்டபாணியும் கூடச் சேர்ந்து சிரித்தார். “அப்புறம் என்னம்மா, கையெழுத்தைப் போடுங்க. கல்யாணத்துக்குப் பையன் பாக்குற மாதிரி இதுவரைக்கும் பதினேழு பேரைப் பாத்தாச்சு.”

போட்டாள். தரமணியில் இருக்கும் காப்புரிமை மேல்முறையீட்டு மன்றத்தில் அவள் தொழில்நுட்ப உறுப்பினர். கண்டுபிடிப்புகளைச் சோதித்துப் பார்க்கச் ‘சாதாரணர்’ ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சான்றிதழ் கொடுப்பது அவள் பொறுப்பு.

வழக்கு பிளாஸ்டிக் கலவை பற்றியது. கிழிந்த மீன்வலை நைலான் ஒரு பக்கம், பால் கவர் பாலித்தீன் மறுபக்கம். கடற்கரையெங்கும் மலைமலையாகக் கிடக்கும் இந்த இரண்டையும் சேர்த்து உருக்கினால் ஒன்றோடொன்று ஒட்டாது. ஒட்டவைக்க ஒரு பொருள் உண்டு, தொழிற்சாலைகளில் அதை மருந்து என்பார்கள். விலை யானை விலை. தூத்துக்குடியைச் சேர்ந்த சகாய ஜெனிட்டா என்ற பெண், ஐந்தில் ஒரு பங்கு மருந்தில் காரியத்தை முடித்திருந்தாள். அவள் செய்தது ஒன்றே ஒன்று. உருக்குமுன் நைலானை உலர்த்தவில்லை. அளவாக ஈரத்தை அதில் விட்டுவைத்தாள். அந்த ஈரம் சூட்டில் நைலானின் நீண்ட சரங்களை ஆங்காங்கே வெட்டியது, வெட்டுப்பட்ட முனைகள் மருந்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. அந்தக் கலவையில் செய்த மீன்பெட்டி வெயிலிலும் உப்பிலும் வெடிக்காமல் கிடந்தது.

இதற்குக் காப்புரிமை கேட்டு அவள் விண்ணப்பித்துப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இது எவருக்கும் தோன்றக்கூடியதுதான் என்று ஒரு பெரிய கம்பெனி எதிர்ப்புத் தெரிவித்தது. கீழே காப்புரிமை அலுவலகத்தில் கம்பெனி சொன்னதே எடுபட்டது, அதனால் மேல்முறையீடு. இங்கேயும் தோற்றால் கம்பெனி மறுநாளே இதே கலவையை டன் கணக்கில் செய்யத் தொடங்கும். வலை பொறுக்கி, கழுவி, உருக்கிச் சின்னதாக ஒரு பட்டறை நடத்தும் ஜெனிட்டாவும் நாற்பத்திரண்டு பெண்களும் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

சுகிர்தாவுக்கு இந்த வழக்கில் இன்னொரு உறுத்தலும் இருந்தது. மன்றத்துக்கு வருமுன் அவள் இருபத்திரண்டு வருஷம் நைலான் ஆராய்ச்சி செய்தவள். அவள் எழுதிய பாடப்புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம், நைலானை உலர்த்தாமல் உருக்காதே என்றுதான் தொடங்கும். ஈர நைலான் மெஷினுக்குள் போனால் நுரைக்கும், நொறுங்கும் என்று வருஷா வருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஜெனிட்டாவின் விண்ணப்பத்தை முதல்முறை படித்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

*

பூவலிங்கம் நேர்காணலுக்கு வந்தபோது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டு வயது. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், இப்போது வேலை கும்மிடிப்பூண்டியில். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், அதையும் தரையைப் பார்த்துச் சொன்னார். என்ன வழக்கு, யாருடைய வழக்கு என்பதைச் சாதாரணரிடம் சொல்லக் கூடாது. சாதாரணர் யார் என்பதை வழக்காடுகிறவர்களிடமும் சொல்லக் கூடாது. தீர்ப்பு வரும்வரை எல்லாம் சீல் வைத்த உறைக்குள் இருக்கும். இரு தரப்புக்கும் முன்பின் தொடர்பு உண்டா என்று பதிவகம் மட்டும் வேலைப் பதிவேடுகளை வைத்துச் சரிபார்க்கும். பூவலிங்கத்துக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று பதிவகம் எழுதிக் கொடுத்திருந்தது.

“என்னைய எதுக்கு மேடம் கூப்புட்டீங்க? எனக்கு மெஷின் ஓட்டத்தான் தெரியும். வேற ஒண்ணும் தெரியாதே” என்றார் பூவலிங்கம்.

“அதுதான் எங்களுக்கு வேணும் ஐயா. சட்டத்துல ஒருத்தர் வர்றார். தொழில் தெரிஞ்சவர், ஆனா மேதை கிடையாது. ஒருத்தர் ஒண்ணைக் கண்டுபிடிச்சேன்னு வந்து நின்னா, இந்தச் சாதாரண ஆளுக்கே அது தோணியிருக்குமான்னு நாங்க பாக்கணும். தோணியிருக்கும்னா அதுக்கு உரிமை கிடையாது.”

“அத நீங்களே யோசிச்சுச் சொல்லக் கூடாதா?”

“முன்னெல்லாம் அப்படித்தான் சொல்லிட்டிருந்தாங்க. ஆனா விடையைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு எந்த விடுகதையும் சுலபமாத்தானே தெரியும்? அட, இவ்வளவுதானான்னு ஆயிடும். அதனால விடை தெரியாத ஆள் வேணும். இப்ப அதுக்கு ஒரு ஊசி வந்திருக்கு. பதினோரு வருஷத்துக்கு முன்னால ஒரு தேதி. அதுக்குப் பிறகு நடந்த எதுவும் மூணு நாளைக்கு உங்களுக்கு ஞாபகம் வராது. திரை போட்ட மாதிரி இருக்கும். அப்புறம் தானா விலகிடும்.”

“எல்லாம் திரும்பி வந்துருமா?”

பக்கத்தில் இருந்த டாக்டர் நஸ்ரின் பதில் சொன்னாள். “கிட்டத்தட்ட எல்லாம் வந்துடும் ஐயா. துணியைக் கிழிச்சா ஓரத்துல நாலு நூல் போகுமில்லையா, அந்த மாதிரி அந்தத் தேதியை ஒட்டி மூணு நாலு மாசம் மட்டும் சிலருக்குத் திரும்பறதில்லை. அந்தச் சமயத்துல முக்கியமா ஏதாவது உண்டா? கல்யாணம், குழந்தை பிறந்தது?”

பூவலிங்கம் விரல்விட்டு வருஷத்தை எண்ணினார். “அப்பம் ஒண்ணும் இல்ல மேடம். ஒரு எடத்துல வேண்டாம்னு சொல்லிட்டாங்க, வேற எடத்துக்குப் போனேன். வேலைக்குப் போனேன், வந்தேன். அவ்வளவுதான்.”

எந்த இடம், ஏன் வேண்டாம் என்றார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சுகிர்தா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

எழுந்து போகும்போது கதவருகே நின்று அவர் கேட்டார். “இதுக்கு சர்ட்டிபிகேட் மாரி ஏதும் குடுப்பீங்களா மேடம்? இல்ல, இதுவரைக்கும் எனக்கு யாரும் ஒண்ணும் குடுத்ததில்ல. அதான் கேக்கேன்.”

“கண்டிப்பா ஐயா. என் கையெழுத்துலயே வரும்.”

*

திரை அறை என்பது பார்க்கச் சின்னத் தொழிற்சாலை மாதிரி இருக்கும். சுவரில் பதினோரு வருஷத்துக்கு முந்தைய தைமாதக் காலண்டர், மேசையில் அன்றைய தினசரி. முகம் பார்க்கும் கண்ணாடி எங்கேயும் கிடையாது. ஊசி போட்டுக்கொள்ளுமுன் சாதாரணர் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதிவைப்பார். ‘நான் ஒப்புக்கொண்டுதான் வந்திருக்கிறேன், மூன்று நாள் இங்கே வேலை, வீட்டில் எல்லோரும் நலம், பயப்படாதே.’ எழுந்ததும் அவருக்குப் படிக்கக் கொடுப்பது அதைத்தான்.

பூவலிங்கம் கடிதத்தைப் படித்தார். பிறகு தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே நீளமாக ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது.

“இது எப்பம் சுட்டுச்சு? நமக்கே தெரியாம நம்மளச் சுட்டுருக்கே!” என்று சொல்லி உரக்கச் சிரித்தார்.

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சுகிர்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். போன வாரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவருக்கு இப்படி ஒரு சிரிப்பு இருந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். இந்த மனிதர் அறையைச் சுற்றி வந்தார். மெஷினின் மூடியைத் திறந்து பார்த்தார், திருகாணியைத் தட்டிப் பார்த்தார், அழுத்தமானியின் முள் ஒரு கோடு தள்ளி நிற்கிறது என்று புகார் சொன்னார். பார்த்தால் உண்மைதான்.

“மேடம், ஒரு சின்ன நோட்டு கெடைக்குமா? பென்சிலும். சட்டப் பையில எப்பவும் வச்சிருப்பேன். எங்க போச்சுன்னு தெரியல” என்றார்.

கொடுத்தார்கள். விதிப்படி அதில் எழுதுவதை யாரும் படிக்கக் கூடாது, தீர்ப்புவரை அதுவும் சீலுக்குள்தான்.

சிக்கலைச் சொன்னார்கள். நைலானும் பாலித்தீனும் சேர வேண்டும், மருந்து குறைவாகச் செலவாக வேண்டும். முதல் இரண்டு நாள் அவர் முறைப்படிதான் செய்தார். நைலானை டிரையரில் நாலு மணி நேரம் போட்டார், மருந்தை அரை அரையாகக் குறைத்துப் பார்த்தார், சூட்டை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. வழக்காடுகிறவர்களை அங்கே விடுவதில்லை, வக்கீல்கள் மட்டும்தான். ஜெனிட்டாவின் வக்கீல் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், யாரோ ஒரு தொழிலாளி. பெயர் தெரியாது.

மூன்றாம் நாள் காலை பூவலிங்கம் டிரையருக்கு முன்னால் வந்து நின்றார். கையில் நைலான் வாளி. டிரையரைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். உதட்டோரம் ஒரு குறும்பு வந்தது.

“சவத்த, காயப்போடாமப் போட்டாத்தான் என்ன?” என்றார். குழாயைத் திறந்து அளவுக் குவளையில் தண்ணீர் பிடித்து, நைலான்மேல் தெளித்து, கையால் பிசறினார். பாலித்தீனோடு மருந்தைக் கொஞ்சமாகத்தான் சேர்த்தார்.

பெரிய கம்பெனியின் வக்கீல் எழுந்தே நின்றுவிட்டார். மெஷினிலிருந்து கலவை வழவழவென்று, ஒரு நுரைகூட இல்லாமல் வந்தது. பூவலிங்கம் அதை வளைத்துப் பார்த்தார், முறுக்கினார், காலடியில் போட்டு மிதித்தார். உடையவில்லை. பிறகு நோட்டை எடுத்து ஏதோ எழுதினார்.

சுகிர்தாவின் கையில் கேள்வித்தாள் இருந்தது. ஐந்து கேள்விகள். நான்கைக் கட்டாயம் கேட்க வேண்டும். என்ன செய்தீர்கள், எந்த வரிசையில், எந்த அளவில், விளைவு என்ன. கேட்டாள், அவர் சொன்னார். ஐந்தாவது உறுப்பினரின் விருப்பம். இந்த எண்ணம் உங்களுக்கு எப்படி வந்தது?

அவள் கேட்கவில்லை.

கேட்காததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. பதில் எங்காவது சுற்றித் திரைக்கு அப்பால் போய் முட்டினால் மூன்று நாள் உழைப்பும் வீண். ஒருவருக்கு இரண்டாம் தடவை திரை போடவும் முடியாது. பதினெட்டாவது ஆளைத் தேட வேண்டும். கோதண்டபாணி வேறு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் இவை எதுவும் உண்மையான காரணம் அல்ல. அவளுக்கே அது தெரியும். ஒரு மெஷின்காரருக்கு மூன்றே நாளில் தோன்றுகிற விஷயம்தான் இது என்றால், இருபத்திரண்டு வருஷம் தனக்கு அது தோன்றாமல் போனது ஏதோ கண்மறைவு, அவ்வளவுதான். ஜெனிட்டா என்ற பெண் தன்னைவிடப் பெரிய ஆள் என்று ஆகாது. அந்த நிமிஷம் அவளுக்கு அது இதமாக இருந்தது. அந்த இதத்தை ஒரு கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூவலிங்கம் பென்சிலோடு இன்னும் நின்றுகொண்டிருந்தார். அடுத்த கேள்விக்குக் காத்திருக்கிற முகம். சொல்ல ஏதோ வைத்திருக்கிற முகம். சுகிர்தா மைக்கை அணைத்தாள்.

*

மறுநாள் திரை விலகியது. படுக்கையில் உட்கார்ந்திருந்தவர் பழைய பூவலிங்கம்தான். தோள் இறங்கியிருந்தது, கண் தரையில் இருந்தது.

“ஒழுங்காச் செஞ்சனா மேடம்? தப்பு ஏதும் நடக்கலயே?”

“நல்லாச் செஞ்சீங்க ஐயா.”

“அப்பச் சரி” என்று சொல்லிச் செருப்பைத் தேடினார். அவருடைய சட்டைப் பை தட்டையாக, காலியாக இருந்தது.

தீர்ப்பு எழுத உட்கார்ந்தபோது சுகிர்தா ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். “சார், அந்த ஆள் திரைக்குள்ள வேற மாதிரி இருந்தார். அவ்வளவு சாதாரணமாத் தெரியலை.”

கோதண்டபாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “சாதாரணர்னு சான்றிதழ் குடுத்தது யாரும்மா?”

“நான்தான்.”

“சாதாரணர் ஒண்ணைச் செஞ்சா அது சாதாரணம். இதுக்கு மேல இதைப் பிச்சுப் பிச்சுப் பாத்தா மன்றமே நடத்த முடியாது. எழுதுங்க.”

எழுதினாள். மேல்முறையீடு தள்ளுபடி.

*

தீர்ப்பு வந்து நான்காம் நாள் ஜெனிட்டா நகல் வாங்க வந்தாள். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதிருக்கும். பதிவகத்தில் உறையைப் பிரித்துக் கொடுத்தார்கள். படித்தவள் அங்கே நிற்கவில்லை, விறுவிறுவென்று மாடி ஏறி சுகிர்தாவின் அறைக்குள் வந்துவிட்டாள். பின்னாலேயே காவலர் ஓடிவந்தார். சுகிர்தா கையசைத்து அவரை அனுப்பினாள்.

“மேடம், இந்தப் பூவலிங்கம், ஐடிஐ, சொந்த ஊரு குரும்பூர்னு போட்டுருக்கு. வலது காது ஓரத்துல மச்சம் இருக்குமா?”

சுகிர்தாவுக்கு ஞாபகம் இருந்தது. தலையாட்டினாள்.

ஜெனிட்டா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “பூவலிங்கம் அண்ணாச்சி. ஐயோ, பூவலிங்கம் அண்ணாச்சியத்தான் கூட்டிட்டு வந்து ஒக்கார வச்சீங்களா?”

“உங்களுக்கு அவரைத் தெரியுமா?”

“காலேஜ் கடைசி வருஷம் தூத்துக்குடில ஒரு கம்பெனில மூணு மாசம் நான் டிரெய்னி. லேப்ல. அந்த வருஷ மழைல டிரையர் ஹீட்டர் போயிட்டு. அனுப்ப வேண்டிய நைலான்-பாலித்தீன் சரக்கு நிக்குது. அண்ணாச்சி ஈரத்தோடயே ஓட்டிட்டாவ. நொறுங்கும்னுதான் எல்லாரும் இருந்தோம். சரக்கு இரும்பு மாரி வந்துச்சு. மத்தவங்க தப்பிச்சோம்டான்னு போயிட்டாங்க. அண்ணாச்சி விடல. டிரையர் சரியான பொறவும் யாருக்கும் தெரியாம மூணு தடவ, தண்ணிய அளந்து அளந்து ஊத்திப் பாத்தாவ. சின்ன நோட்டுல எல்லாம் எழுதி எங்கிட்ட கொண்டுவந்து, ‘இது ஏம்புள்ள இப்படி ஆவுது’ன்னு கேட்டாவ. நான் அந்த ‘ஏன்’ங்கறதத்தான் ரெண்டு மாசம் ஒக்காந்து கண்டுபிடிச்சேன். ‘என்ன’ங்கறது அவரோடது மேடம்.”

“அப்ப விண்ணப்பத்துல அவர் பேர் ஏன் இல்லை?”

ஜெனிட்டா கையிலிருந்த நகலை மடித்தாள். “மூணாவது தடவ சூப்பர்வைசர் பாத்துட்டாரு. முறைய மீறிட்டான்னு காண்ட்ராக்டர்கிட்ட சொல்லி மறுநாளே அனுப்பிட்டாங்க. கம்பெனி ஆளுன்னா மெமோ குடுப்பாங்க. காண்ட்ராக்ட் ஆளுக்கு அது எதுக்கு? வராதன்னு சொன்னாப் போதும்லா. நான் காண்ட்ராக்டர்கிட்ட போய்க் கேட்டேன். எந்தப் பூவலிங்கம்னு கேட்டாரு. கண்டுபிடிச்சவர் பேரப் போட்டா அவர் கையெழுத்து வேணும். ஆள் எங்க இருக்காருன்னே தெரியல. காலேஜ்ல அவசரப்படுத்துனாங்க. பொறவு சேத்துக்கலாம்னு என் பேர மட்டும் போட்டேன். பொறவு சேக்கல. அதான் மேடம் உண்மை.”

சுகிர்தா கோப்பை எடுத்து வேலைப் பதிவேட்டைப் புரட்டினாள். அந்த வருஷத்துக்கு நேரே ஒரு ஆள்வழங்கு நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தது. எந்தத் தொழிற்சாலைக்கு வழங்கினார்கள் என்று இல்லை. ஜெனிட்டா வேலை பார்த்த கம்பெனியின் ஏடுகளில் பூவலிங்கம் என்று ஒருவர் இருந்ததே இல்லை. அதனால்தான் தொடர்பு இல்லை என்று வந்திருக்கிறது. ஜெனிட்டா அன்று அவர் பெயரைப் போட்டிருந்தால் பதிவகம் பிடித்திருக்கும். சுகிர்தா அன்று ஐந்தாவது கேள்வியைக் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். மைக்கை அணைத்தபோது தெரிந்த அந்த முகம் அவள் கண் முன்னால் வந்தது.

சீல் பிரித்த உறைக்குள் அந்தச் சின்ன நோட்டு இருந்தது. இருவரும் சேர்ந்து படித்தார்கள்.

சுகிர்தா அதைக் கோதண்டபாணியிடம் எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் நோட்டைக் கையில்கூட வாங்கவில்லை. “திரைக்குள்ள எழுதினது சாட்சியம் ஆகாதும்மா. உங்களுக்குத் தெரியாததா? இது எனக்கு முன்னாலேயே தெரியும், நான் செஞ்சு பாத்திருக்கேன்னு திரை விலகின நிலையில அந்த ஆளே சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணும். குடுத்தா அந்தச் சோதனையே செல்லாது. வழக்கை மறுபடி எடுக்கலாம். முப்பது நாள் இருக்கு.”

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கும்மிடிப்பூண்டிக்கு இருவரும் போனார்கள். ஒண்டுக்குடித்தன வரிசையில் கடைசி வீடு. பூவலிங்கம் கைலியோடு வெளியே வந்தவர், சுகிர்தாவைப் பார்த்ததும் உள்ளே ஓடிச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வந்தது.

“அண்ணாச்சி, என்னையத் தெரியுதா?” என்றாள் ஜெனிட்டா.

அவர் உற்றுப் பார்த்தார். மரியாதைக்காக நெடுநேரம் பார்த்தார். “எங்கயோ பாத்த மாரி இருக்கும்மா. தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த ஊசிக்குப் பொறவு கொஞ்சம் அப்படி இப்படி இருக்கு. ஒரு மழைக்காலம் மொத்தமா இல்ல. டாக்டரம்மா முன்னாடியே சொன்னாங்க. பரவால்ல, அதுல ஒண்ணும் பெருசா இல்லன்னு நானும் சொல்லிட்டேன்.”

ஜெனிட்டா எல்லாவற்றையும் சொன்னாள். ஹீட்டர் போனது, இரும்பு மாதிரிச் சரக்கு வந்தது, அவர் தண்ணீரை அளந்து ஊற்றியது, தான் பேரைப் போடாமல் விட்டது. கடைசியில் சொல்லும்போது அழுதுவிட்டாள். அவர் பக்கத்து வீட்டுக்காரர் கதையைக் கேட்பதுபோல் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சுகிர்தா வாக்குமூலத் தாளை எடுத்து நீட்டினாள்.

அதை அவர் மூன்று தடவை படித்தார். “இதுல ‘எனக்கு நன்றாக நினைவிருக்கிறது’ன்னு போட்டுருக்கு. எனக்கு நெனவு இல்லையேம்மா.”

“நடந்தது அண்ணாச்சி. நான் பாத்தேன். நான் சொல்லுதேன்லா.”

“நீங்க சொன்னா நடந்துதான் இருக்கும். ஆனா சத்தியம் பண்ணுதது நான்லா? இல்லாதத எப்படிம்மா இருக்குன்னு எழுத?”

சுகிர்தாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. போட்டுவிடுங்கள் ஐயா, ஒன்றும் ஆகாது. நாற்பத்திரண்டு பெண்களின் பிழைப்பு, உங்களுக்கும் அதில் பங்கு வரும் என்று சொன்னால் அவர் ஒருவேளை போட்டிருப்பார். பெரியவர்கள் சொன்னதைத் தட்டாமல் செய்வதைத்தான் இந்தப் பதினோரு வருஷம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை நீட்டினாள். “இதையாவது பாருங்க அண்ணாச்சி. போன மாசம் அந்த அறைல நீங்க எழுதுனது.”

பூவலிங்கம் வெளிச்சத்தில் பிடித்து, விரலை வைத்து, வாய்விட்டுப் படித்தார். “வலை நைலான் நாலு கிலோ. டிரையர்ல போடல. தண்ணி எரநூறு மில்லி. போன தடவ மாரியே நுரைக்கல. தண்ணி நைலான வெட்டுது போல. வெட்டுன எடத்துலதான் மருந்து புடிக்கும்னு தோணுது. உப்புத்தண்ணி ஊத்துனா என்ன ஆவும்? ஜெனிட்டா பிள்ளகிட்ட கேக்கணும்.”

கடைசி வரியை மறுபடி படித்தார். பிறகு முதலிலிருந்து ஒருமுறை, இம்முறை சத்தமில்லாமல். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. கண்ணாடிச் சுவர் வழியாக சுகிர்தா பார்த்த சிரிப்பு அல்ல அது. வேறு யாரோ ஒருவரின் சாமர்த்தியத்தைக் கேட்டு வருகிற சிரிப்பு.

“கையெழுத்து என்னதுதான். ஆனா இவன் பயங்கரக் கெட்டிக்காரன்லா” என்றார். நோட்டை மூடி இரண்டு கையாலும் ஜெனிட்டாவிடம் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ஏதோ தோன்றியதுபோல் சுகிர்தாவைப் பார்த்துக் கேட்டார்.

“இவன் இப்பம் எங்க மேடம் இருக்கான்?”

சுகிர்தா அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தாள். முருகன் படத்துக்கும் காலண்டருக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டம் போட்டு, துடைத்துத் துடைத்துப் பளபளவென்று அந்தச் சான்றிதழ் தொங்கியது. இத்துறையில் சாதாரணத் தேர்ச்சி உடையவர். கீழே அவளுடைய கையெழுத்து இருந்தது.